ராஜா என்ன உடுத்தினார்?

பழனி மலைக்கு மாலை நேரத்தில் படியேறுகிறவர்கள், இறங்கி வருகிறவர்களிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ராஜ அலங்காரம் ஆயிடுச்சுங்களா?" என்பதுதான் அது. காலையிலே ஆண்டிக் கோலம். கோவணமும் தண்டுமாக நிற்கும் கோலம். சாயரட்சையிலே ராஜ கோலம். கிரீடமும் பட்டும் அணிகளும் பூண்ட கோலம். சிலை ஒன்றே, நின்ற இடம் ஒன்றே. எனினும் கொங்கு நாட்டிலிருந்தும் செட்டி நாட்டிலிருந்தும் வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி, ராஜ கோலத்துக்காகவே நேரம் பார்த்து வரிசையில் நிற்கிறது. கோயில் வழிபாடு பற்றி வாதாட நாம் வரவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக் கொள்கிறோம். ராஜா என்றால் முதலில் உடையைத்தான் பார்ப்பது என்ற பழக்கம் நம் மக்களிடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றி இருக்கிறது என்பதற்கு அது ஒன்றே போதும்.

மலைக்கு அருகிலே, கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பாலசமுத்திரம். இன்று அது ஒரு பேரூராட்சி. தோப்பும் வயலும் பாலாறு பொருந்தலாறு அணையும் சேர்ந்த ஊர். ஆனால் ஒரு காலத்தில் பழனிப் பாளையத்துக்கு அதுவே தலைநகர். பாளையக்காரர் வீற்றிருந்த இடம். பக்கத்திலே கொய்யாப் பழத்துக்குப் பெயர் பெற்ற ஆயக்குடி, அது ஒரு ஜமீன். திண்டுக்கல் சீமை 1792இல் திப்புவிடமிருந்து கம்பெனியாரிடம் போயிற்று. பாளையக்காரரின் பரிவாரமும் படாடோபமும் அதன்பின் நெடுநாள் நிற்கவில்லை. மிச்சமிருந்த ஜமீன்களுக்கு 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் முடிவு கட்டியது.

அந்த நாளிலே பாளையக்காரர் திருவிழாவுக்குப் புறப்பட்டு வந்தால், வழியில் ஒதுங்கி நின்ற உழவன் என்ன பார்த்திருப்பான்? தலைப்பாகையைப் பார்த்திருப்பான், இடையிலே தொங்கும் வாளைப் பார்த்திருப்பான், பட்டுச் சால்வையைப் பார்த்திருப்பான். வீட்டுக்குப் போய் மனைவியிடமும் அதைத்தான் சொல்லியிருப்பான். தேசகாவல், ஸ்தலகாவல் என்று தன்னிடம் தண்டப்பட்ட காவல் வரியிலே அந்தச் சால்வையின் எத்தனை இழை வந்தது என்று கேட்டிருப்பானா? கேட்டிருக்க முடியாது. கேட்கிற நாக்கு அப்போது அவனிடம் இல்லை.

இதிலே நாம் ஒன்றும் தனிப்பட்டவர்கள் அல்லர். உலகம் முழுவதும் இதே கதைதான். 1911 டிசம்பர் 7ஆம் நாள், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் டில்லி நகருக்குள் பவனி வந்தார். உலகத்தின் கால் பங்கை ஆண்ட சக்கரவர்த்தி வருகிறார் என்று தெருவெல்லாம் கூட்டம். மன்னரோ யானைமீது வரவில்லை. இராணுவ உடையும் வெள்ளைத் தொப்பியும் அணிந்து குதிரைமீது வந்தார். சுற்றிலும் வந்த தளபதிகளும் ஏறத்தாழ அதே உடையில்தான் வந்தார்கள். கூட்டத்தில் மிகப் பலர் எவர் மன்னர் என்றே கண்டுகொள்ளவில்லை. அவர் கடந்து போன பிறகும் இன்னும் வரவில்லையே என்று காத்து நின்றவர்கள் உண்டு! உடையைக் கழற்றிவிட்டால் மன்னனும் மனிதனே என்பதை நம்மவர் பலர் மேடையில் பேசியிருக்கிறார்கள். அதை மெய்யென்று காட்டிக் கொடுத்தவர், பாவம், சக்கரவர்த்தியேதான்.

ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 12ஆம் நாள் தர்பார். இம்முறை அந்தத் தவறு நேரவில்லை. தலையிலே புத்தம் புதிய கிரீடம் ஏறியிருந்தது. இங்கிலாந்தின் முடியை அந்த நாட்டை விட்டு வெளியே கொண்டுவரக் கூடாதென்பது அங்கே வழக்கம். ஆகவே தர்பாருக்கென்றே தனியாக ஒரு முடி செய்யப்பட்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வைரங்கள், மரகதம், நீலம், மாணிக்கம். செலவு 60,000 பவுன். கொடுத்தது இந்தியாவின் வருவாய். அதாவது உப்புக்கும் நிலத்துக்கும் வரி கட்டியவன் கொடுத்தது. எடை ஏறத்தாழ ஒரு கிலோ. தலை வலித்தது என்று மன்னரே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்த ஒரு தர்பாருக்குப் பிறகு எந்த அரசரும் அதை அணியவில்லை. இலண்டன் கோபுரத்தில் காட்சிப் பொருளாக இருக்கிறது. நம் காசில் செய்ததைக் காண இன்றும் சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும்.

ஆனால் அந்தத் தர்பாரில் ஏடுகள் ஆத்திரத்தோடு எழுதியது அந்த முடியைப் பற்றியல்ல. பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட்டைப் பற்றி! ஐதராபாத் நிஜாமுக்கு அடுத்தபடியாகச் சக்கரவர்த்திக்கு வணக்கம் செலுத்த வேண்டியவர் அவர். சுதேச மன்னர்கள் எல்லோரும் கழுத்து தெரியாமல் முத்தும், மார்பு தெரியாமல் பதக்கமும் தொங்க வந்திருந்தார்கள். பரோடாவின் கருவூலமோ இந்தியாவிலேயே பெயர் பெற்றது. ஏழு சர முத்து மாலை, முத்தாலேயே இழைத்த கம்பளம், பொன்னால் ஆன பீரங்கிகள் என்றெல்லாம் கதை பேசுவார்கள், பேசியது உண்மையும்கூட. அப்படிப்பட்டவர் நகைகள் இன்றி, எளிய வெண்ணிற உடையிலே, கையில் ஒரு கைத்தடியோடு வந்தார். முறைப்படி குனிந்து பின்வாங்கிப் பின்வாங்கி நடக்க வேண்டியவர், தலையை ஒருமுறை தாழ்த்திவிட்டுத் திரும்பி நடந்தார். சக்கரவர்த்திக்கு முதுகைக் காட்டினார்!

அவ்வளவுதான். இலண்டன் ஏடுகள் கொதித்தன. இராஜத் துரோகம் என்றார்கள், பட்டத்தைப் பறிக்க வேண்டும் என்றார்கள். தர்பாரைப் படம் பிடித்திருந்தார்கள்; அந்தப் படச்சுருள் இலண்டனில் திரையிடப்பட்டபோது, ஒரு மன்னர் எத்தனை தடவை குனிந்தார், எந்தப் பக்கம் திரும்பினார் என்று எண்ணிப் பார்த்து எழுதினார்கள். கடைசியில் கெய்க்வாட், வைசிராய் ஹார்டிஞ்சுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத நேர்ந்தது. அக்கடிதம் இலண்டன் டைம்ஸ் ஏட்டிலேயே வெளிவந்தது. வேண்டுமென்றே செய்தாரா, பதற்றத்தில் நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். வாதிடட்டும். நம்முடைய கேள்வி வேறு.

யார் இந்த சயாஜிராவ்? தம் நாடு முழுவதிலும் 1906இல் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தவர். வெள்ளைக்காரன் நேரடியாக ஆண்ட சீமைகளில் அந்தப் பேச்சே எடுபடாத காலம் அது. 1913இல் அம்பேத்கர் என்ற இளைஞர் அமெரிக்காவுக்குச் சென்று கொலம்பியா பல்கலைக் கழகத்தில் படித்தது இவர் கொடுத்த உதவித் தொகையால். மாதம் பதினொன்றரைப் பவுன் என்று மூன்றாண்டுகளுக்குக் கொடுத்தார். ஒரு முடிக்குச் செலவான 60,000 பவுனை அந்தப் பதினொன்றரையால் வகுத்துப் பாருங்கள். எத்தனை அம்பேத்கர்களைப் படிக்க வைத்திருக்கலாம் என்று கணக்குத் தெரிந்த பள்ளிப் பிள்ளையே சொல்லிவிடும். மன்னர் கழுத்திலே நகை இல்லை என்று கண்டுபிடித்த கண்கள், அவர் நாட்டிலே பள்ளி இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

பரோடாவின் நகைக் கதை அத்தோடு முடியவில்லை. சயாஜிராவுக்குப் பின் 1939இல் பட்டத்துக்கு வந்தவர் பேரன் பிரதாப் சிங். 1943இல் இவர் இரண்டாவதாக மணந்த சீதாதேவி சென்னையில் பிறந்தவர். பிதாபுரம் ஜமீன்தாரின் மகள். ஒருவன் ஒரு மனைவி இருக்க மற்றொருத்தியை மணக்கக் கூடாதென்று பரோடாவில் சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் குடிமக்களுக்குத்தான், மன்னனுக்கல்ல என்று வியாக்கியானம் பிறந்தது! அரசுக் கருவூலத்திலிருந்து பணமும் நகைகளும் வெளியேறின. முத்துக் கம்பளமும் கடல் கடந்து போயிற்று. 1949இல் பரோடா பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது, கணக்குப் பார்க்கப்பட்டது, 1951இல் இந்திய அரசாங்கம் பிரதாப் சிங்கைப் பட்டத்திலிருந்து நீக்கியது. கம்பளம் பல்லாண்டு மறைவாக இருந்து, 2009இல் தோஹா நகரத்தில் ஏலத்துக்கு வந்தது. ஏறத்தாழ 55 லட்சம் டாலருக்கு விலை போயிற்று.

சீதாதேவி தம் காற்கொலுசுகளை நியூயார்க் நகரத்து நகை வணிகர் ஹாரி வின்ஸ்டனிடம் 1953இல் விற்றார். மரகதமும் வைரமும் பதித்த கொலுசுகள். வின்ஸ்டன் அவற்றைப் பிரித்துக் கழுத்து மாலையாக்கினார். வாங்கியவர் வின்ட்ஸர் கோமகள். 1911இல் டில்லியில் முடிசூடி அமர்ந்திருந்த ஐந்தாம் ஜார்ஜின் மகன் எட்டாம் எட்வர்ட், எந்தப் பெண்ணுக்காக அரியணையைத் துறந்தாரோ, அந்தப் பெண். 1957இல் நியூயார்க்கில் நடந்த நடன விருந்துக்குக் கோமகள் அந்த மாலையை அணிந்து வந்தார். எல்லோரும் வியந்து பார்க்க, அங்கிருந்த சீதாதேவி, "என் காலிலும் அவை அழகாகத்தான் இருந்தன" என்ற பொருள்படச் சொன்னாராம். கோமகள் முகம் சிவந்து, மாலையைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

இன்றும் நகை ஏல அட்டவணைகளிலும் சீமாட்டிகளின் வரலாற்றிலும் இந்தக் கதையைச் சுவையாகச் சொல்கிறார்கள். காலில் இருந்தது கழுத்துக்கு ஏறியதே என்று சிரிக்கிறார்கள். நமக்கும் சிரிப்பு வராமல் இல்லை. பாட்டனார் காலத்தில் பரோடா மன்னர் நகை போடாமல் வந்தது குற்றம். பேரன் மனைவி காலத்தில் பரோடா நகையைப் போட்டு வந்தது அவமானம்! ஆனால் அந்த மரகதம் காலில் ஏறுவதற்கு முன்னால் எங்கே இருந்தது? குஜராத்துப் பருத்திக் காட்டிலே வியர்வையாக இருந்தது என்று அந்த விருந்தில் எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முகம் சிவந்திருக்க வேண்டியவர் கோமகள் மட்டுமல்ல.

மன்னர் என்ன உடுத்தினார் என்று மக்கள் பார்ப்பது ஒரு பக்கம். மக்கள் என்ன உடுத்தலாம் என்று மன்னர் பார்த்தது மறுபக்கம். இதற்கு நாம் பரோடாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் குமரி மாவட்டமே போதும். அன்றைக்கு அது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1ஆம் நாள் நம்மோடு வந்து சேர்ந்த அந்த மண்ணிலே, சாணார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடக் கூடாது என்பது வழக்கமாக இருந்தது. மேல் சாதியார் முன்னால் திறந்த மேனியோடு நிற்பதே மரியாதையாம்! 1820களில் தொடங்கி, ரவிக்கை போட்ட பெண்கள் தெருவிலும் சந்தையிலும் தாக்கப்பட்டார்கள். துணிகள் கிழிக்கப்பட்டன, பள்ளிகளும் வழிபாட்டிடங்களும் எரிந்தன. அந்தப் பெண்களோ பின்வாங்கவில்லை. கிழித்தால் மறுநாள் மறுபடி உடுத்தினார்கள். சென்னை ஆளுநரின் நெருக்குதலும் சேர, 1859 ஜூலை 26ஆம் நாள் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பிரகடனம் வெளியிட்டார். சாணார் பெண்கள் மார்பை மறைத்துக் கொள்ளலாம். ஆனால் மேல் சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடக் கூடாது என்றது பிரகடனம். வென்ற இடத்திலும் ஒரு கொக்கி! ஒரு பெண்ணின் தோளிலே எத்தனை விரற்கடைத் துணி கிடக்கலாம் என்பதை முடிவு செய்ய முத்திரையும் மந்திரிசபையும் வேண்டியிருந்தன. தர்பாரில் கெய்க்வாட்டின் உடையை அளந்த அதே அளவுகோல்தான் இது. பெரிய ராஜா சின்ன ராஜாவை அளந்தான். சின்ன ராஜா குடிமக்களை அளந்தான்.

அளவுகோலைத் திருப்பிப் பிடித்த நிகழ்ச்சிக்கும் நம் நாடே சாட்சி. 1921 செப்டம்பர் 22ஆம் நாள், மதுரை மேலமாசி வீதியில், காந்தியார் சட்டையையும் குல்லாயையும் விட்டு முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். அந்நாளில் பழனியும் பாலசமுத்திரமும் அதே மதுரை மாவட்டத்துக்குள் இருந்தவைதான். அந்நியத் துணியை எறி, கதர் வாங்கு என்கிறீர்களே, அதற்குக் காசேது என்று கேட்ட ஏழையின் கேள்விக்கு அவர் கண்ட விடை அது. முதலில் அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் அறிவித்தார். பிறகு ஆயுள் முழுவதற்கும் அதுவே ஆயிற்று. காந்தியாரின் கொள்கைகள் எல்லாவற்றையும் ஏற்றவர்களுக்கும், பலவற்றை மறுத்தவர்களுக்கும் இந்த ஒரு செயலின் கூர்மை விளங்காமற் போகாது.

பத்தாண்டுக்குப் பிறகு, 1931 பிப்ரவரியில், அந்த உடையோடு அவர் வைசிராய் மாளிகைப் படிகளில் ஏறியதைப் பொறுக்காமல் "அரை நிர்வாணப் பக்கிரி" என்றார் சர்ச்சில். அதே ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், வட்டமேஜை மாநாட்டுப் பிரதிநிதிகளுக்குப் பக்கிங்ஹாம் அரண்மனையில் வரவேற்பு. முழங்கால் தெரிய வருகிறவரை எப்படி உள்ளே விடுவது என்று மன்னருக்கே தயக்கம். அந்த மன்னர் வேறு யாருமல்லர். இருபதாண்டுக்கு முன் டில்லியில் ஒரு கிலோ முடியைச் சுமந்த அதே ஐந்தாம் ஜார்ஜ்தான். வேட்டியும் சால்வையும் செருப்புமாகக் காந்தியார் போனார், பேசினார், திரும்பினார். அன்று இலண்டன் ஏடுகளிலே மன்னர் என்ன உடுத்தினார் என்று தேடியவர் எவருமில்லை. எல்லோர் கண்ணும் மற்றவர் முழங்காலில்!

அந்த நாட்டு மக்கள் எப்போதும் வாய்மூடி இருந்தார்கள் என்று சொல்லிவிடக் கூடாது. 1947 நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் திருமணம். போர் முடிந்தும் துணிக்கு ரேஷன் தொடர்ந்த காலம். இளவரசியும் கூப்பன் காட்டித்தான் மணப்புடவைக்குத் துணி வாங்க வேண்டியிருந்தது. கூடுதல் கூப்பன் தரப்பட்டபோது அதுவும் பேச்சாயிற்று. பல பெண்கள் தங்கள் கூப்பன்களை அனுப்பி வைத்தார்கள். பிறர் கூப்பனைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்பதால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. பட்டுப் புழு எந்த நாட்டுப் புழு, பகை நாட்டுப் புழுவா என்றும் கேட்டார்கள். சீனத்துப் புழு என்று தையற்காரர் ஹார்ட்னெல் விளக்கம் கொடுத்தார். புழுவின் தேசியத்தைக் கேட்டது வேடிக்கைதான்; ஆனால் கூப்பனுக்குக் கணக்குக் கேட்டது வேடிக்கை அல்ல. அந்த எலிசபெத் அரசியாகி 1961 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது இங்கே முதலமைச்சர் காமராசர். அரசி வருகிறார் என்பதற்காக அவர் கோட்டு தைத்துக்கொள்ளவில்லை. அதே வேட்டி, அதே அரைக்கைச் சட்டை, அதே துண்டு.

இதையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குகிறவர்களுக்கு நெல்லைச் சீமையைக் காட்டுகிறோம். பாலசமுத்திரத்துப் பாளையக்காரரைப் பார்த்த கண் இன்று இல்லை. ஆனால் சிங்கம்பட்டி ஜமீன்தாரைப் பார்த்தவர்கள் நம்மிடையே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். முருகதாஸ் தீர்த்தபதி, 2020 மே மாதம் மறைந்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோதே முடிசூட்டப்பட்டவர். தமிழ்நாட்டில் முடிசூட்டிக் கொண்டவர்களில் கடைசி மனிதர் என்று சொல்லப்பட்டவர். ஜமீன் போய் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், ஆண்டுதோறும் ஆடி அமாவாசை நாளில், பொதிகை மலைக் காட்டிலே காரையாறு சொரிமுத்தய்யனார் கோயிலில் அவர் ராஜ உடையும் தலைப்பாகையும் தரித்து வீற்றிருந்து காட்சி கொடுத்தார். கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். ஏடுகளும் ஆண்டுதோறும் படம் போட்டன. அந்த முதியவர்மீது நமக்குக் குறை ஒன்றுமில்லை; பண்பாளர், படித்தவர் என்றுதான் பழகியவர்கள் சொன்னார்கள். படம் போட்ட ஏடுகளைத்தான் கேட்கிறோம்.

அவர் பிறப்பதற்கு முன்பே, 1929இல், அந்த ஜமீன் தன் மலைக்காட்டில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. அதுதான் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்துத் தேயிலைத் தோட்டங்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து கிள்ளியவர்கள், கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23ஆம் நாள் திருநெல்வேலியிலே ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் தடியடி, தாமிரபரணிக் கரை, ஓட்டம், வெள்ளம். பதினேழு பேர் மாண்டார்கள். அவர்களிலே கைக்குழந்தையும் ஒன்று. 2024இல் தோட்டத்தை மூடுகிறோம், வீட்டைக் காலி செய்யுங்கள் என்று கம்பெனி சொன்னது. இத்தனை ஆண்டுக்கும் பிறகு சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாமல் மலையிறங்க வேண்டும் என்ற நிலை வந்தது. வழக்கு நீதிமன்றம் ஏறியது.

ஆடி அமாவாசைக்குக் காரையாற்றில் ராஜாவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், தலைப்பாகை எந்த நிறம், சரிகை எத்தனை விரற்கடை என்று சொல்வார்கள். பக்கத்து மலையில் கொழுந்து கிள்ளியவள் எதை உடுத்தியிருந்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மழைக்காலத்திலே அட்டைக்கடிக்கு அஞ்சிக் காலைச் சுற்றிக் கட்டிய துணி, முதுகிலே கூடை, இடுப்பிலே தேயிலைக் கிளை கிழிக்காதிருக்கச் சுற்றிய படுதா, இதுதான் அவள் உடை. குத்தகைக் காலம் 2028 வரைக்கும் இருக்கிறது.